மங்கும் கிண்ணமும்



சென்ற மாதம் அலுவலகத்துக்கு ஓர் உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். லாரியின் பின்புறத்தில் இருபது இருபத்தைந்து ஆண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாரும் எண்ணெய் தடவித் தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் வேட்டியில். லாரிக்குக் கீழே ஒரு சிறுவன், தன்னை ஏற்றிக்கொள்ளாத கோபத்தில் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். படத்தைத் திருப்பினால் பென்சிலில் ஒரு வரி: ‘மலாயாக் கிண்ணம் பார்க்கப் போனது.’

அனுப்பியவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆண்டும் இல்லை. தபால் முத்திரை மை கரைந்து எதையும் படிக்க முடியவில்லை. காற்பந்துக்கான மலாயாக் கிண்ணம் மலேசியக் கிண்ணம் ஆனது 1967-ல். ஆகவே படம் அதற்கு முந்தியது என்று எங்கள் உதவி ஆசிரியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் அப்பா கண்ணை மூடும்வரை அதை மலாயாக் கிண்ணம் என்றுதான் சொன்னார். தோட்டத்து ஆட்கள் பெயர் மாற்றத்துக்கெல்லாம் அவ்வளவு சீக்கிரம் இணங்க மாட்டார்கள்.

அந்தப் படம் இரண்டு வாரம் என் மேசை மேல் கிடந்தது. அதன் விளைவுதான் இந்த இதழின் சிறப்புப் பகுதி. ஆசிரியர் பக்கத்தையும் அதுவே பிடித்துக்கொண்டது. காற்பந்து பிடிக்காத வாசகர்கள் இந்த ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிண்ணத்தின் கதை ஒரு போர்க்கப்பலில் தொடங்குகிறது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்திருந்த அன்றைய மலாய்க் கூட்டாட்சி அரசு தன் செலவில் கட்டி, பிரிட்டிஷ் கடற்படைக்கு அன்பளிப்பாகக் கொடுத்த கப்பல் அது. பெயர் ‘எச்.எம்.எஸ். மலாயா’. 1915-ல் நீரில் இறங்கி, மறு ஆண்டே ஜட்லாண்ட் கடற்போரில் எட்டுக் குண்டுகளை வாங்கிக்கொண்டு தப்பியது. போர் முடிந்த பிறகு, 1921 ஜனவரியில், தன்னை வாங்கிக் கொடுத்த நாட்டைப் பார்க்க வந்தது. சிங்கப்பூர், இன்றைய கிள்ளான் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாம், பினாங்கு என்று நின்ற இடங்களில் எல்லாம் மாலுமிகள் கரையிறங்கி உள்ளூர் ஆட்களோடு காற்பந்தும் ரக்பியும் ஆடினார்கள். நல்ல உபசரிப்பு நடந்திருக்க வேண்டும். கப்பல் போய் மூன்று மாதம் கழித்துக் கேப்டன் புல்லரிடமிருந்து கூட்டாட்சி அரசின் தலைமைச் செயலாளருக்குக் கடிதம் வந்தது. நன்றியின் அடையாளமாக இரண்டு கிண்ணங்கள் தருகிறோம், ஒன்று காற்பந்துக்கு, ஒன்று ரக்பிக்கு என்று அதில் இருந்தது. நாம் பேசும் கிண்ணம் அதில் முதலாவது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். கப்பல் கட்டிய காசு எங்கிருந்து வந்தது? கூட்டாட்சி அரசின் கஜானாவுக்கு வருமானம் தந்தவற்றில் முக்கியமானவை ஈயமும் ரப்பரும். ஈயத்தைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் சீனர்கள். பால் மரம் வெட்டியவர்கள் பெரும்பாலும் நம் பாட்டன் பாட்டிமார்கள். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, மரத்துக்கு மரம் ஓடி, மரத்தில் கட்டிய மங்கில் சொட்டிய பாலை வாளியில் ஊற்றிச் சுமந்தவர்கள். அந்தப் பால் ரப்பராகி, ரப்பர் வரியாகி, வரியின் ஒரு துளி கப்பலாகி, கப்பல் நன்றிக் கிண்ணமாகித் திரும்பி வந்தது. மங்கு போய்க் கிண்ணம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றிக் கடிதம் தலைமைச் செயலாளரின் மேசையோடு நின்றுவிட்டது. அதைப் பற்றி யாரும் குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. குறைப்பட வேண்டியவர்களுக்கு விஷயமே தெரியாதே.

முதல் ஆட்டம் 1921 ஆகஸ்ட் 20-ல் கோலாலம்பூரில். சிலாங்கூர் பினாங்கை 5-1 என்று அடித்தது. ஏறத்தாழ 5,000 பேர் பார்த்தார்கள். அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்று சிலாங்கூரை வென்று முதல் கிண்ணத்தைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வியப்பு. 1921 முதல் 1941 வரை 21 இறுதியாட்டங்கள். இருபத்தொன்றிலும் சிங்கப்பூர் இருந்தது. எதிரே நின்றது பெரும்பாலும் சிலாங்கூர். 1927-ல் சிலாங்கூர் 8-1 என்று புரட்டியெடுத்தது. 1933-ல் சிங்கப்பூர் 8-2 என்று கடனை அடைத்தது. 1928, 1929 இரண்டு ஆண்டும் 2-2 என்று முடிந்து கிண்ணத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பெனால்டி அடித்து முடிவு கட்டும் வழக்கம் அன்று இல்லை. எனக்கென்னவோ அந்தப் பங்குதான் நாகரிகமாகப் படுகிறது.

அன்றைய நகரங்களில் காற்பந்துக் கழகங்கள் இனத்துக்கு ஒன்றாக இருந்தன. வெள்ளைக்காரருக்கு ஒன்று, மலாய்க்காரருக்கு ஒன்று, சீனருக்கு ஒன்று. நமக்கும் கோலாலம்பூரில் தமிழர் கழகமான டி.பி.சி.ஏ. இருந்தது. மூத்த வாசகர்களுக்கு அதன் திடலின் புல் மணம்கூட நினைவிருக்கும். வாரம் முழுவதும் இப்படிப் பிரிந்து ஆடியவர்கள், மாநில அணிக்குத் தேர்வானால் ஒரே ஜெர்சிக்குள் வர வேண்டும். மலாயாக் கிண்ணத்துக்கு ஊரெல்லாம் அப்படி ஓர் ஈர்ப்பு வந்ததற்கு நான் கண்ட காரணம் இதுதான். தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஊர் என்றால் ஒரு தோட்டத்தின் பெயர், ஒரு டிவிஷன் எண். தனக்கு ஒரு மாநிலமும் உண்டு என்பதை அவனுக்கு முதலில் சொன்னது காற்பந்துதான்.

1942 முதல் 1947 வரை கிண்ணம் இல்லை. ஜப்பான்காரன் காலமும் அதன் மிச்சமும். அந்த ஆண்டுகளில் நம் ஆட்களில் பலர் சயாம் மரண ரயில் பாதையில் கிடந்தார்கள். திரும்பாதவர்களைப் பற்றி இந்தப் பத்திரிகையில் பலமுறை எழுதியிருக்கிறோம். 1948-ல் ஆட்டம் மறுபடி தொடங்கியபோது கிண்ணத்தை எடுத்தது சிங்கப்பூருமில்லை, சிலாங்கூருமில்லை, நெகிரி செம்பிலான்.

1957-க்கு வருகிறேன். இங்கே என் சார்பை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பேராக்காரன். நாடு விடுதலை பெற்ற ஆண்டு, மெர்டேக்கா அரங்கம் திறந்த ஆண்டு, சிலாங்கூரை வென்று கிண்ணத்தை எடுத்தது எங்கள் பேராக். பிறகு 1967-ல் ஒன்று. மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாறிய பிறகு அதை முதலில் தூக்கியதும் நாங்களே. பிறகு 1970-ல் ஒன்று. அதன் பின் எப்போது தெரியுமா? 1998. இடையில் 28 ஆண்டுகள். என் சிறுவயது, பள்ளி, வேலை, கல்யாணம், முதல் வழுக்கை எல்லாம் அந்த 28 ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டன.

எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு டெலிவிஷன் பெரிய கிராணி வீட்டில் இருந்தது. இறுதியாட்டம் என்றால் வாசல் கதவைத் திறந்து வைப்பார். பெரியவர்கள் படிக்கட்டில், நாங்கள் மண் தரையில். பேராக் ஆடாத இறுதியாட்டமும் எங்களுக்கு இறுதியாட்டம்தான். யார் பக்கம் என்பதில்தான் சண்டை. என் அப்பாவுக்குச் சிலாங்கூர் என்றால் ஆகாது. பக்கத்து லயத்து மாமா சிலாங்கூரிலிருந்து பெண் கட்டியவர், அதனால் அவருக்குச் சிலாங்கூர். ‘என்ன மச்சான், உங்க பேராக்கு இந்த வருசமும் காத்தாடப் போயிருச்சா?’ என்று ஆரம்பிப்பார். அப்பா பதில் சொல்ல மாட்டார். மறுநாள் பெரட்டில் அவரைப் பார்த்தும் பார்க்காததுபோல் நிற்பார். அந்தக் கோபம் தீபாவளி வரை தாங்கும்.

எங்களுக்கு விளையாடப் பந்து கிடையாது. மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றி உருண்டையாக்குவோம். கல்லில் பட்டால் எங்கே தெறிக்கும் என்று அதற்கே தெரியாது. ஒட்டுப்பாலும் நிறுத்துக் காசு கொடுக்கும் பொருள். மண்டோர் கண்ணில் பட்டால் காது போய்விடும். வெறுங்காலில் அதை உதைத்துப் பழகியவனுக்கு நிஜத் தோல்பந்து பஞ்சு மாதிரி இருந்தது. ஈப்போவில் பேராக் அரங்கத்துக்கு முதன்முதலில் லாரியில் போன இரவு இன்னும் கண்ணில் நிற்கிறது. விளக்கு வெளிச்சத்தில் அந்தப் புல் அவ்வளவு பச்சையாக இருக்கும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

1970-களும் 80-களின் தொடக்கமும் சிலாங்கூர், சிங்கப்பூர் இரண்டின் காலம். 1975, 76, 78, 79, 80, 81 என்று ஆறு இறுதியாட்டங்களில் இவை இரண்டுமே மோதின. 1980-ஐத் தவிர ஐந்திலும் சிலாங்கூருக்கே வெற்றி. மொத்தக் கணக்கில் சிலாங்கூர் 33, சிங்கப்பூர் 24. இன்று வரை இந்த இரண்டு எண்களையும் யாரும் நெருங்கவில்லை. சிலாங்கூருக்கு மொக்தார் டஹாரி முன்னால், சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும் தடுப்பில், கோல் வாசலில் நம் ஆர். ஆறுமுகம். நீளக் கைகளை விரித்து அவர் நின்றால் வாசல் பாதியாகிவிடும். ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கூப்பிட்டது. மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும் புறக்கணிப்பால் போகாமல் நின்ற 1980 தேசிய அணியின் காவலர் அவர். 1988-ல் சாலை விபத்தில் இறந்தபோது வயது 35. அந்த அணியை வைத்து எடுத்த ‘ஓலா போலா’ படம் 2016-ல் வந்தபோது, முத்து என்ற கோல் காவலரைப் பார்த்த இளைஞர்கள் யார் இவர் என்று வீட்டில் கேட்டார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். அப்பா உயிரோடிருந்தால் சிலாங்கூர் ஆட்டக்காரர் ஒருவரை அன்று முதன்முறையாக வாய்விட்டுப் புகழ்ந்திருப்பார்.

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கதை இன்னொரு விதம். சிங்கப்பூர் 1965-ல் தனி நாடானது. அந்த ஆண்டின் கிண்ணமும் அவர்களிடமே இருந்தது. வீடு பிரிந்தது, கிண்ணம் பிரியவில்லை. வேறு நாடாகியும் அவர்கள் மலேசியாவின் மாநிலங்களோடு மாநிலமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் இப்படி எத்தனை இடத்தில் நடக்கும்? 1973-ல் காலாங்கில் தேசிய அரங்கம் திறந்த பிறகு அங்கே 50,000 பேருக்கு மேல் கூடி எழுப்பிய முழக்கத்துக்குத் தனிப் பெயரே வந்தது. ‘காலாங் முழக்கம்’ என்றால் சிங்கப்பூர் வாசகர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

1977-ல் 12 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களுக்குக் கிண்ணம். மெர்டேக்கா அரங்கத்தில் பினாங்கைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்றார்கள். வெற்றி கோலை அடித்தவர் குவா கிம் சோங். அணித் தலைவர் சமத் அல்லாப்பிச்சை. அல்லாப்பிச்சை என்பது நம் தமிழ் முஸ்லிம் வீடுகளில் வழங்கும் பெயர் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாழைப்பழம் போல் பந்தை வளைத்து அடிக்கும் எஸ். ராஜகோபாலும் அந்தக் காலத்து அணியில் இருந்தவர். இவர்களையெல்லாம் ஆட்டுவித்தவர் ‘அங்கிள்’ சூ செங் குவீ. போருக்கு முன்னே தானும் மலாயாக் கிண்ணம் ஆடியவர், மலாயா தேசிய அணிக்கும் பயிற்சி தந்தவர். கால் புண்ணோடு பயிற்சித் திடலுக்கு வந்துகொண்டிருந்தார். கிண்ணம் கைக்கு வந்த அதே ஆண்டில் அந்தக் காலை வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆட்டத்தை இவ்வளவு நேசிக்கலாமா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் அவர் நம்மைத் திடலைச் சுற்றி ஓடச் சொல்லியிருப்பார்.

1980-ல் சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என்று வென்றது. வெற்றி கோலை அடித்த பையன் ஃபாண்டி அகமதுக்கு அப்போது பதினேழோ பதினெட்டோதான். 14 ஆண்டு கழித்து, 1994-ல், அதே ஃபாண்டி அணித் தலைவராக வந்து, ஷா ஆலாம் அரங்கத்தில் பகாங்கை 4-0 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கினார். மூன்று கோல் அப்பாஸ் சாட் அடித்தது. பேருந்து பேருந்தாகப் பாலத்தைக் கடந்து வந்திருந்த கூட்டத்தால் அரங்கத்தில் பாதி சிவப்பாகிவிட்டது.

அதுவே அவர்கள் வென்ற கடைசிக் கிண்ணம். 1995 தொடக்கத்தில் இரு சங்கங்களுக்கும் டிக்கெட் வசூல் பங்கீட்டில் தகராறு முற்றி, சிங்கப்பூர் விலகி, மறு ஆண்டு தன் சொந்த லீக்கைத் தொடங்கியது. இதே சமயத்தில் ஆட்டங்களை விலைபேசி விற்ற விவகாரமும் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், பலர் தடைசெய்யப்பட்டார்கள். கிண்ணத்தின் மேல் அன்று விழுந்த கறை முழுசாகப் போகவில்லை என்பது என் எண்ணம். ஒரு கோல் காவலர் பந்தை நழுவவிட்டால் முன்பெல்லாம் ‘கையில் எண்ணெய் தடவியிருக்கானா’ என்று சிரிப்போம். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை, எவ்வளவு வாங்கினான் என்று கேட்டார்கள்.

நல்ல கதைகளும் பிறகு வந்தன. 1999-ல் புருணை வந்து சரவாக்கை வென்று கிண்ணத்தைக் கொண்டுபோய்விட்டது. நாட்டிலேயே சின்ன மாநிலமான பெர்லிஸ் 2004-லும் 2006-லும் வென்றது. 2003-ல் பெட்டாலிங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் எம்.பி.பி.ஜே. அணி, கிண்ணத்தை வென்ற முதல் கழகமானது. மாநிலங்களின் கிண்ணம் கழகங்களுக்கும் திறந்தது அந்தக் காலத்தில்தான். எம்.பி.பி.ஜே. சில ஆண்டுகளில் காணாமலும் போனது. 2010-ல் கிளந்தான் தன் வரலாற்றில் முதன்முதலாகக் கிண்ணம் வென்றபோது கோத்தா பாருவே தூங்கவில்லை. அந்த அணியின் பயிற்றுநர் பி. சத்தியநாதன். அந்த வாரம் எங்கள் அலுவலகத்துக்குக் கிளந்தானிலிருந்து ஒரு மலாய் அன்பர் தொலைபேசியில் கூப்பிட்டு, ‘உங்கள் சத்தியா’ என்று ஆரம்பித்து, பேச்சு முடிவதற்குள் ‘எங்கள் சத்தியா’ என்று மாற்றிக்கொண்டார். அந்த ஒரு சொல் மாற்றத்துக்காகவே நான் இந்த ஆட்டத்தை மன்னிக்கிறேன்.

2021 கிண்ணத்தின் நூறாவது ஆண்டு. கோலாலம்பூர் சிட்டி வென்றது. அதன் பிறகு 2022, 2023, 2024-25 என்று மூன்று முறையும் ஜொகூர் டாருல் தாக்சிம். பணம் இருக்கிறது, திடல் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, வெல்கிறார்கள்; அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும் ஆட்டத்தைப் பார்க்க யாரும் லாரி பிடிக்க மாட்டார்கள்.

எங்கள் பேராக்? 1998-க்குப் பிறகு 2000-லும் 2018-லும் கிண்ணம் வந்தது. போருக்கு முந்திய இரண்டையும் சேர்த்து மொத்தம் எட்டு. 2018 இறுதியாட்டம் பெனால்டிக்குப் போனபோது நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். பக்கத்து வீட்டுக் கூச்சலை வைத்தே கணக்குப் பார்த்துக்கொண்டேன். 2025-ல் அந்த அணி சூப்பர் லீக்கை விட்டே விலகிவிட்டது. 1921-லிருந்து இந்தக் கிண்ணத்தோடு இருந்த பெயர். செய்தியைப் படித்த அன்று, அப்பா இல்லாததும் ஒருவகையில் நல்லதே என்று நினைத்துக்கொண்டேன்.

நம் பிள்ளைகள் ஆடிய கழகமும் இப்படித்தான் போனது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கமான மிஃபா வளர்த்த அணி, பெயர் மாறி பி.ஜே. சிட்டி ஆகி, வெளிநாட்டு ஆட்டக்காரர்களை நம்பாமல் உள்ளூர்ப் பையன்களோடு மலேசியக் கிண்ணம் வரை ஆடியது. 2022 முடிவில் அதுவும் களத்தை விட்டுப் போனது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்துக்கு முன்னால் இருந்த திடல்களில் இன்று கார் நிறுத்துகிறார்கள். பையன்கள் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து ஃபுட்சால் கூடத்தில் ஆடுகிறார்கள். ஆடட்டும், அதுவும் ஆட்டம்தான். ஆனால் ஒரு திடலும் ஒரு தோட்டத்துக் குழுவும் போனால், மாநில அணிக்குப் போகும் ஒரு வழியும் அடைபடுகிறது. பயிற்றுநர்களைக் கேட்டுப் பாருங்கள், இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

கிண்ணத்தின் நூறாண்டுப் பட்டியல் எல்லாரிடமும் இருக்கிறது. யார் வென்றார், எத்தனை கோல் என்பதை நொடியில் எடுத்துவிடலாம். லாரியில் போனவர்களின் பட்டியல்தான் யாரிடமும் இல்லை. எந்தத் தோட்டத்திலிருந்து போனார்கள், லாரிக்கு எண்ணெய்க் காசு யார் போட்டது, மறுநாள் பால் வெட்டுக்கு எப்படி எழுந்தார்கள், டெலிவிஷன் இல்லாத தோட்டத்தில் யார் வீட்டு ரேடியோ, தோட்டத்துக் குழுவிலிருந்து மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் போன பையன் யார்? அவர்களில் இருப்பவர்கள் இன்று எண்பதைத் தொட்டுக்கொண்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால், இந்த இதழைக் கையில் கொடுத்து அவர் பக்கத்தில் ஒரு மாலைப்பொழுது உட்காருங்கள். சொல்வதை அப்படியே எழுதியோ பதிவு செய்தோ அனுப்புங்கள். தமிழ் நடை பற்றிக் கவலை வேண்டாம், அது எங்கள் வேலை. பழைய டிக்கெட், குழுப் படம், ஜெர்சித் துணி எது இருந்தாலும் படமெடுத்து அனுப்பலாம். மூலப்படம் அனுப்புகிறவர்களுக்குப் பதிவுத் தபாலில் பத்திரமாகத் திரும்பி வரும்; அதற்கு நான் பொறுப்பு.

பெயர் போடாமல் அந்த லாரிப் படத்தை அனுப்பிய அன்பருக்கு ஒரு வார்த்தை. படம் இந்த இதழில் 14-ஆம் பக்கத்தில் வந்திருக்கிறது. அது எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று தெரிவியுங்கள். லாரிக்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சிறுவன் நீங்கள்தானா என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்